அரைப் பேர்

2024 ஒகஸ்ட் 11

மழை. தோய்த்த துணியெல்லாம் காம்பராவுக்குள்ளேயே, இருக்கிற ஒரே அறைக்குள், தொங்குகிறது. குனிந்து குனிந்து நடக்க வேண்டியிருக்கிறது.

இந்த டயரி தெரணியகலை டவுன் டயர்க்கடை ஜுனைதீன் நானா என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தது. மிஞ்சிக் கிடந்த பழைய வருசத்து டயரி, அச்சடித்த கிழமை எதுவும் பொருந்தாது. இவர் அலமாரிக்கு மேலே போட்டுவிட்டார். நான் எடுத்து, கிழமையை வெட்டிவிட்டு எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் கட்டுரைக்குப் பரிசு வாங்கினவள் என்பது வேறு யாருக்கும் ஞாபகம் இல்லை. எனக்கு இருக்கிறது.

நேற்றுச் சம்பளம் பேங்கில் விழுந்தது. நான் மலையில் கொழுந்து எடுக்கிறேன், என் வீட்டுக்காரர் சசி தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை. இருவருக்கும் தனித்தனிக் கணக்கு, தனித்தனிக் கார்ட். இரண்டு கார்டும் இவர் சட்டைப் பையில், ஒரே ரப்பர் வளையத்துக்குள். மாதாமாதம் இவர் டவுனுக்குப் போய் இரண்டையும் மெசினில் போட்டு எடுத்து வருவார். அரிசி, மா, கருவாடு வரும். மிச்சம் எவ்வளவு என்று கேட்டால், "இருந்தா தரமாட்டேனா" என்பார். கெட்ட மனுசன் இல்லை. கேள்வி கேட்டால் பிடிக்காது, அவ்வளவுதான்.

சட்டை துவைக்கும்போது என் கார்டைத் தடவிப் பார்ப்பேன். என் பெயர் மேடாக இருக்கும். அதன் ரகசிய எண் எனக்குத் தெரியாது.

புதன்கிழமை, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கூட்டமாம். மலையைப் பிரித்துக் கொடுக்கப் போகிறார்களாம்.

ஒகஸ்ட் 14

கூட்டம் நடந்தது. நலன்புரி உத்தியோகத்தர் நிரூபன் சேர் பேசினார். கிளிநொச்சிப் பக்கத்துப் பிள்ளை, வந்து நாலைந்து மாதம்தான் ஆகிறது. நல்ல பிள்ளை, ஆனால் அவர் தமிழை நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும்.

விசயம் இதுதான். கீழ் டிவிசன் மலையைத் துண்டு துண்டாகக் குடும்பங்களுக்குக் கொடுப்பார்கள். நாமே புல் வெட்டி, உரம் போட்டு, கொழுந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று காசு. மற்ற நாட்களில் வழக்கம்போல நாள் சம்பளத்துக்கும் போகலாம். எனக்குக் கேட்கக் கேட்கப் பிடித்திருந்தது. பிறகு அவர் சொன்னார்: "ஒரு குடும்பத்துக்கு ஒரு பேர்தான்."

அவ்வளவுதான், களமே கத்தியது. பின்னே? காலையிலிருந்து மாலை வரை எடுத்தால் ஒரு பேர் போடுவார்கள், கிலோ குறைந்தால் அரைப் பேர், அதற்குத் தக்கச் சம்பளம். எங்கள் பிழைப்பே இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. குடும்பத்துக்கு ஒரு பேர் என்றால் இன்னொரு ஆள் சும்மா உழைப்பதா? அவர் தொடர்ந்து ஏதோ சொன்னார், சத்தத்தில் கேட்கவில்லை. நான் எழுந்து நின்றேன். எப்படி எழுந்தேன் என்று இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

"ரெண்டு ஆளு வேல செஞ்சா ரெண்டு பேரு போட வேணும் சேர். ஒத்தப் பேருனா நாங்க ஒத்துக்க மாட்டோம்."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எத்தனை பேரும் வேலை செய்யலாம், கொழுந்துக்குத் தக்கபடி காசு என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குத்தான் அந்தக் கைதட்டல்.

அப்புறம் ஆம்பிளைகள் வரிசையாக நின்று கையெழுத்துப் போட்டார்கள். நாங்கள் வேலைக்குப் போய்விட்டோம்.

ஒகஸ்ட் 20

பக்கத்துக் காம்பரா தவமணி, என்னால்தான் எல்லாருக்கும் பேர் கிடைத்தது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். நான் மறுக்கவில்லை.

செப்டெம்பர் 3

துண்டு கிடைத்தது. குலுக்கிப் போட்டதில் எங்களுக்கு ஆற்றோரம். ஈரமான இடம், அட்டை அதிகம், ஆனால் செடி நல்ல செடி. மேல் மூலையில் கொஞ்சம் செத்துப்போயிருக்கிறது, அங்கே புதுக் கன்று வைக்கலாம். இந்த மலையில் எத்தனையோ வருசம் கொழுந்து எடுத்திருக்கிறேன். ஆனால் இன்றைக்குத்தான் ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்தேன்.

இதில் வரும் காசில் ஒரு குளிக்கும் அறை கட்ட வேண்டும். நாலு சுவர், ஒரு கதவு, உள்ளே கொண்டி. மதுஷாவுக்குப் பதினாறு ஆகிவிட்டது, இன்னும் நாங்கள் இருவரும் பாதையோரப் பீலித் தண்ணீரில் பாவாடையை நெஞ்சு வரை ஏற்றிக் கட்டிக்கொண்டு குளிக்கிறோம். வருகிற போகிற மோட்டார் சைக்கிள் எல்லாம் அந்த இடத்தில் மெதுவாகத்தான் போகும். அவள் இப்போது விடியுமுன்னே எழுந்து குளித்துவிடுகிறாள், தடிமனும் சளியும் விடுவதில்லை.

இவரிடம் சொன்னேன். கட்டலாம் கட்டலாம் என்றார்.

செப்டெம்பர் 19

சசி இரண்டு நாள் துண்டுக்கு வந்தார். முதுகு பிடித்துக்கொண்டதாம். நானும் மதுஷாவும் புல் வெட்டினோம்.

ஒக்டோபர் 10

முதல் கொழுந்துக் காசு வந்தது. இவர் போனில் மெசேஜ் வந்தது, எனக்குக் காட்டினார். நல்ல காசு. அதில் பாதியைக் குளியலறைக்கு எடுத்து வைப்போம், என் கையில் கொடுங்கள் என்றேன்.

"ஏன், நா என்ன அடுத்த வீட்டுக்காரனா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். முடிந்துவிட்டது.

ஒக்டோபர் 22

தோட்டத்துச் சங்கத்தில் சீமெந்து கடனுக்குக் கொடுக்கிறார்களாம், கொழுந்துக் காசில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பார்களாம். கேட்கப் போனேன். துண்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார் கிளாக்கர். இவரிடம் சொன்னேன். அடுத்த மாதம் பார்க்கலாமாம்.

ஒக்டோபர் 31

தீபாவளி. எனக்கு ஒரு சேலை, மதுஷாவுக்குச் சுரிதார், இவருக்கு ஒன்றுமில்லை. தனக்கென்று ஒன்றும் எடுக்காததை நாலு தடவை சொன்னார்.

நவம்பர் 8

உரம் கொடுத்தார்கள். ரொக்கம் வேண்டாம், பிறகு கழித்துக்கொள்வார்கள். இவர் போய்க் கையெழுத்துப் போட்டு எடுத்தார். துண்டுக்கு ஒரு மூட்டைதான் வந்தது. தவமணி வீட்டுக்கு மூன்று வந்திருக்கிறது. கேட்டால், எங்கள் துண்டு சின்னது என்கிறார். என்ன சின்னது? இரண்டுக்கும் நடுவே தண்ணீர் ஓடும் ஒரு கான்தான்.

ஒரு மூட்டையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டேன். ஆற்றோரத்துக்கு எட்டவில்லை.

நவம்பர் 24

த்ரீவீலர் வந்தது.

ஜுனைதீன் நானா மூலமாகப் பழையது ஒன்று பிடித்திருக்கிறார். சிவப்பு. முதலில் கொஞ்சம் கட்டியாயிற்றாம், மிச்சம் மாதத் தவணை. மழை நாளில் பிள்ளைகளை ஸ்கூலுக்கு ஏற்றலாம், தவணை போக மிச்சம் வரும், என்னையும் கோயிலுக்குக் கூட்டிப் போவாராம். முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை வருசத்தில் இவர் இப்படிச் சிரித்து நான் பார்த்தது குறைவு. அதனால் முதலில் கட்டிய காசு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

எங்கள் லயத்து வீட்டு வரிசை இருக்கும் மேட்டுக்கு ஏறவில்லை. நாலு பேர் தள்ளி ஏற்றினார்கள்.

டிசம்பர் 6

த்ரீவீலர் ஸ்டார்ட் ஆவதில்லை. தவமணியின் கோழி பின் சீட்டில் முட்டையிடுகிறது.

டிசம்பர் 15

கீழே கிராமத்தில் குசுமா அக்கா இருக்கிறாள். சிங்களப் பொம்பிளை, சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கிறாள். இன்று பாலத்தில் பார்த்தேன். வழக்கம்போல மழை, விலைவாசி எல்லாம் பேசிவிட்டு, போகும்போது சொன்னாள்: "ஒயாலகே பொஹொர ஹொந்தய்." உங்கள் உரம் நல்ல உரம்.

எந்த உரம் என்று கேட்டேன். நவம்பரில் உங்கள் வீட்டு மாத்தயா கொண்டுவந்து கொடுத்த இரண்டு மூட்டை என்றாள். கடையை விடக் குறைத்துத்தான் கொடுத்தாராம். அவள் மேல் என்ன தப்பு? நன்றி சொல்லத்தான் வந்தாள்.

நான் திரும்பித் துண்டுக்குப் போய் நின்றேன். ஆற்றோரச் செடியெல்லாம் மஞ்சள். ஒரு மாதமாக எனக்கு விளங்காமல் இருந்தது, நோயோ பூச்சியோ என்று இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஏன்டா, இதுக்கா? கோழி முட்ட போடவா? நா மாடு மாதிரி அட்ட கடியில நின்னு எடுக்குறேன், நீ எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம வித்துட்டு வந்து சிரிக்கிற — நானும் அந்த மொகத்தப் பாத்து வாய மூடிக்கிட்டு இருந்தேனே.

கேட்டேன். மறைக்கவில்லை, த்ரீவீலருக்கு முதலில் கட்டியது அந்தக் காசும் சேர்த்துத்தானாம். குடும்பத்துக்குத்தானே செய்தேன் என்றார். நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

டிசம்பர் 17

ஆபிஸுக்குப் போனேன். துண்டை என் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று கிளாக்கரிடம் கேட்டேன், அவர் நிரூபன் சேரிடம் அனுப்பினார். சேருக்கு என்னை ஞாபகம் இருந்தது. அவர் முகத்தில் ஒரு குழப்பம்.

"அக்கா, அண்டைக்கு நீங்கள்தானே எழும்பிக் கேட்டனீங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு பேர்தான் பதியலாம், ஆருடைய பேர் எண்டு நீங்களே முடிவெடுங்கோ எண்டு நான் சொன்னன். நீங்கள் ரெண்டு பேர் போட வேணும் எண்டியள். பொம்பிளையளும் தங்கடை பேரைப் பதியக் கேக்கினம் எண்டு எனக்குச் சரியான சந்தோசம். பிறகு பாத்தால் ஒருத்தரும் வரேல்லை."

இங்கே பேர் என்றால் ஒரு நாள் சம்பளம், குறைந்தால் அரைப் பேர் என்று விளக்கினேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அப்ப நீங்கள் கேட்டது சம்பளத்தையோ?"

"அப்ப நீங்க சொன்னது பேரையா?"

எதற்குக் கைதட்டினீர்கள் என்று கேட்டார். எத்தனை பேரும் வேலை செய்யலாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. பிறகு இருவரும் நிறுத்திவிட்டோம்.

மாற்றலாமாம். ஆனால் பெயருக்கு உரியவர் தானாக வந்து கையெழுத்துப் போட வேண்டும். துண்டோடு அதன் மேல் இருக்கும் உரக் கடனும் சேர்ந்து வரும். இன்னொன்றும் சொன்னார்: ஒரு மாதம் கொழுந்து கொடுக்காவிட்டால் தோட்டம் எச்சரிக்கும், அப்படியும் கொடுக்காவிட்டால் துண்டைத் திருப்பி எடுத்துவிடும்.

வரும் வழியெல்லாம் அந்தக் கைதட்டல்தான் காதில். நாள் பேருக்காகச் சண்டை போட்டு, சொந்தப் பெயரைக் கோட்டைவிட்டிருக்கிறேன். நான் மட்டுமா, கீழ் டிவிசன் பொம்பிளைகள் அத்தனை பேரும். தவமணியிடம் இதை எப்படிச் சொல்வது?

டிசம்பர் 18

சொன்னேன். "அடிப்பாவி" என்றாள்.

டிசம்பர் 20

சசியிடம் கையெழுத்துக் கேட்டேன். பொண்டாட்டி பேருக்கு எழுதிக் கொடுத்தால் ஸ்டோரில் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்றார். அந்த நாலு பேர் யார் என்று கேட்டேன். போய்ப் படு என்றார்.

2025 ஜனவரி 3

துண்டு நடக்காவிட்டால் போகட்டும், கார்டிலிருந்து தொடங்கலாம் என்று தோன்றியது. சந்தைக்கு என்று சொல்லிவிட்டுத் தெரணியகலைக்குப் போனேன். பேங்கில் இருந்தது சிங்களப் பிள்ளை. கார்ட் என் கையில் இல்லை என்றேன்.

"நெத்தி வுனாத?" தொலைந்து போனதா என்று கேட்டாள்.

என் கையில் இல்லாதது என்னைப் பொறுத்தவரை தொலைந்ததுதான். "ஒவ்", ஆமாம் என்றேன்.

அடையாள அட்டையைப் பார்த்தாள், கையெழுத்து வாங்கினாள், என் பட்டன் போன் நம்பரைப் போட்டுக்கொண்டாள். புதுக் கார்ட் கையோடு கிடைத்தது. உடனே கொடுக்கும் கார்டில் பெயர் அச்சடிப்பதில்லையாம். பெயர் போட்டது வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும். வேண்டாம் என்றேன். பெயர் உள்ள கார்ட் அவர் சட்டைப் பையில், பெயர் இல்லாத கார்ட் என்னிடம். இருக்கட்டும்.

மெசின் ரகசிய எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. பின்னால் வரிசை. மதுஷா பிறந்த நாள், கல்யாண நாள் எல்லாம் மனதில் வந்தது. அதெல்லாம் இவருக்கும் தெரியும். வேறொன்று போட்டேன். இங்கே எழுத மாட்டேன்.

ஜனவரி 10

மெசின் என் பழைய கார்டை விழுங்கிவிட்டது. இவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பேங்கில் கேட்டாராம், கணக்குக்குச் சொந்தக்காரிதான் தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தாளாம், எல்லாருக்கும் முன்னால் தலை குனிந்து நின்றாராம்.

"என்னைய கள்ளன் ஆக்கிட்டியே" என்றார்.

அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் புதுக் கார்டைக் கேட்டபோது நான் கொடுக்கவில்லை. வீட்டுச் சாமான் நானே வாங்கி வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். மதுஷா புத்தகத்தை விட்டுத் தலை தூக்கவே இல்லை, ஒரு பக்கத்தையும் திருப்பவில்லை.

ஜனவரி 14

பொங்கல். பேச்சு இல்லை. பொங்கியது.

ஜனவரி 20

யோசித்துப் பார்த்தேன். சண்டை போட எனக்கு வராது. கொழுந்து எடுக்க வரும். எங்கே எடுப்பது என்பதை மட்டும்தான் நான் முடிவு செய்ய முடியும். இன்றிலிருந்து தினமும் பெரட்டில் நின்று மேல் டிவிசன் மலைக்குப் போகிறேன். என் பேர் என் கணக்கில் விழும். ஆற்றோரத் துண்டு யார் பெயரிலோ அவர் போய் எடுத்துக்கொள்ளட்டும்.

"குடும்பத்தக் கவுக்கப் பாக்குறியா?" என்று கேட்டார்.

"நா வேலைக்குத்தானே போறேன்."

ஜனவரி 29

பாலத்திலிருந்து பார்த்தேன். செடி மேலெல்லாம் கொழுந்து நீண்டு நிற்கிறது. இன்னும் இரண்டு நாள் போனால் முற்றிவிடும். பெற்ற பிள்ளை பசியில் அழும்போது பார்த்துக்கொண்டு நிற்பது மாதிரி இருந்தது. நிற்காமல் வந்துவிட்டேன்.

பெப்ரவரி 6

சசி ஸ்டோருக்கு லீவு போட்டுக் கொழுந்து எடுக்கப் போனார். நான் பார்க்கவில்லை, தவமணிதான் சொன்னாள். காம்பும் முற்றலுமாக ஒடித்துக் கொண்டுவந்தாராம், கணக்கப்பிள்ளை சாக்கைத் திறந்து பார்த்துவிட்டு, மாட்டுக்குப் போட வேறு இடம் இருக்கிறது என்று திருப்பிவிட்டாராம். இவர் தவமணியைக் கூலிக்குக் கூப்பிட்டிருக்கிறார். அன்றன்றைக்குக் கையில் காசு கொடுத்தால் வருகிறேன் என்றாளாம். மாதக் கடைசியில் என்றாராம். அவள் அதற்குச் சிரித்த சிரிப்பை எனக்கும் செய்து காட்டினாள்.

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அவர் விரலைப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. வெடித்திருந்தது. எண்ணெய் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

பெப்ரவரி 21

ஆபிஸிலிருந்து ஆள் வந்து எச்சரித்துவிட்டுப் போனார். இன்னும் இரண்டு வாரம், இல்லாவிட்டால் துண்டு போய்விடும். த்ரீவீலர் தவணையும் நிற்கிறது, ஜுனைதீன் நானா போன் மேல் போன்.

இவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். நானும் போய் உட்கார்ந்தேன். நிஜத்தைச் சொன்னால் எனக்கும் பயம்தான். அவர் விட்டுவிட்டால் அந்தச் செடி வேறு யாருக்கோ போகும், குளியலறையும் அதோடு போகும், இத்தனை பிடிவாதமும் வீண். வாயைத் திறந்து, சரி நாளைக்கு நானே எடுக்கிறேன் என்று சொல்லிவிடுவேனோ என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒன் பேருக்கு மாத்துனா எடுப்பியா?" என்றார்.

"எடுப்பேன்."

"த்ரீவீலர் தவண?"

"அது ஒங்க பேர்லதானே இருக்கு."

பெப்ரவரி 24

கையெழுத்துப் போட்டார். நிரூபன் சேர் என் முழுப் பெயரையும் சத்தமாக வாசித்தார்: இராமையா கலைச்செல்வி. இந்த லயத்தில் நான் சசி பொண்டாட்டி, இல்லாவிட்டால் மதுஷா அம்மா. அந்தப் பெயரை இன்னொருவர் வாயால் கேட்டு வெகு காலம் ஆகிறது. சரிதானே அக்கா என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் தலையாட்டினேன்.

வெளியே வந்தபோது தவமணியும் அவள் புருசனும் உள்ளே போகக் காத்திருந்தார்கள். அவர் முகம் உம்மென்று இருந்தது. அவள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

மார்ச் 2

முற்றலை ஒடித்துப் போடவே இத்தனை நாள் ஆயிற்று. முதுகு என்னுடையதாக இல்லை.

மார்ச் 15

கொழுந்துக் காசு முதல்தடவையாக என் கணக்கில் விழுந்தது. பாதி கூட இல்லை. உரக் கடன் கழித்திருக்கிறார்கள். மூன்று மூட்டைக்கும். நான் கண்ணால் பார்க்காத இரண்டு மூட்டை குசுமா அக்கா தோட்டத்தில் இருக்கிறது, அதன் கடன் என் பெயரில் இருக்கிறது. பிறந்ததிலிருந்து என் பெயரில் வந்த முதல் கடன் இதுதான்.

இரண்டு மாதத்தில் கழிந்துவிடும் என்றார் கிளாக்கர். அது கழியாமல் சீமெந்துக் கடன் கொடுக்க மாட்டார்களாம். கழியட்டும்.

ஏப்ரல் 9

புது வருசம் வருகிறது. என் கார்டில் எடுத்து இவருக்கு ஒரு சட்டை வாங்கினேன். பை உள்ள சட்டைதான். விலையைக் கேட்டார், சொன்னேன். மிச்சம் எவ்வளவு என்று கேட்டார். அதையும் சொன்னேன். மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? ஆனால் கார்ட் எங்கே என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மே 26

சீமெந்து வந்தது. என் கையெழுத்துக்கு. காம்பராவுக்குள் இடமில்லை, வெளியே வைத்தால் மழை. கடைசியில் த்ரீவீலருக்குள் அடுக்கினோம். கோழியைத் துரத்தியதுதான் பெரிய வேலை. ஒரு பொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை, வாங்கியது வீண்போகவில்லை பார்த்தாயா என்றார் இவர். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஜூன் 15

இப்போது இவர் ஸ்டோர் வேலை இல்லாத நாட்களில் துண்டுக்கு வருகிறார். கொழுந்து எடுக்கவிடுவதில்லை, புல் வெட்டவும் சாக்கு தூக்கவும்தான். நாள் கூலி கொடுக்கிறேன். வேண்டாம் என்று ஒரு நாள் சொன்னார், அடுத்த நாளிலிருந்து சொல்லவில்லை. அதில்தான் தவணை கட்டுகிறார்.

குளியலறைச் சுவர் இடுப்பளவு வந்துவிட்டது. மதுஷா உள்ளே போய் உட்கார்ந்து எழுந்து, வெளியே தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கதவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

இன்று நிறுவை முடிந்து வரும்போது, சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு இவர் கேட்டார்: "எனக்கு இன்னைக்கு எத்தன பேரு?"

கேலிக்குத்தான் கேட்டார்.

"எத்தன மணிக்கு வந்தீங்க?"

"பத்து, பத்தரை இருக்கும்."

"அப்ப அரைப் பேரு."

பாலத்தைத் தாண்டியதும், "சரி, போடு" என்றார்.

போட்டேன்.